கடுகு வாயுவும் நுரையீரல் மரபணுக்களும்

கடுகு வாயு எனப்படும் சல்ஃபர் மஸ்டர்டு, எண்ணெய் போன்ற நச்சுத் திரவம். ஆவியாகவும் நுண்துளிகளாகவும் பரவித் தோலையும் கண்ணையும் மூச்சுக்குழாயையும் புண்ணாக்கும். 1917-இல் பெல்ஜியத்தின் ஈப்ரு அருகே ஜெர்மானியப் படை இதை முதன்முதலில் போர்க்களத்தில் பயன்படுத்தியது. 1980–88 ஈரான்–இராக் போரில் இராக் படை ஈரானியர்மீது இதைப் பலமுறை ஏவியது. 1987 ஜூன் 28 அன்று ஈரானின் சர்தஷ்த் நகரத்துக் குடியிருப்புகள்மீதே ரசாயனக் குண்டுகள் விழுந்தன. இந்த நச்சின் நீண்டகால விளைவுகளை மருத்துவ உலகம் பெரும்பாலும் இப்போரில் உயிர் பிழைத்தவர்களிடமிருந்தே அறிந்தது.

செல்லுக்குள் நுழையும் நச்சு டி.என்.ஏ.வில் உள்ள குவானினுடன் பிணைந்து, இரு இழைகளையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. அதனால் செல் பிரிய முடியாமல் மடிகிறது. செல்லைக் காக்கும் குளூட்டாதயோனும் குறைந்துபோகிறது. எரிச்சலும் இருமலும் தெரியவரச் சில மணி நேரமாகும். அதற்குள் சேதம் நிகழ்ந்திருக்கும்.

உடலின் செல்களில் இருப்பவை ஏறத்தாழ ஒரே மரபணுக்கள்தான். எந்த மரபணு எந்த அளவுக்கு இயங்குகிறது என்பதே மரபணு வெளிப்பாடு. பாதிப்புக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகும், ஈரானிய நோயாளிகளின் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த திசுக்களில் இந்த வெளிப்பாடு மாறியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். காயத்தை ஆற்றக் கட்டளையிடும் டி.ஜி.எஃப்.-பீட்டா மரபணுக்கள் மிகையாக இயங்கின. காயம் ஆறியதும் அடங்க வேண்டிய இக்கட்டளை நீடித்தால், கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மேலும் மேலும் படிந்து திசு தழும்பாகிறது. ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் மெட்டலோதயோனின், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் மரபணுக்களும் கூடுதலாக இயங்கின. அச்சேதம் இன்னும் ஓயவில்லை என்பதற்கு இது அடையாளம்.

இதன் விளைவாக மூச்சுச் சிறுகுழல்கள் தடித்துச் சுருங்கி அடைபடுகின்றன. தீராத இருமலும் மூச்சிரைப்பும் தொடர்கின்றன. நச்சு நீங்கிய பிறகும் மாற்றம் நிலைப்பதற்கு, டி.என்.ஏ.மீது படியும் மெத்தில் குறிகள் போன்ற மரபணு மேற்கட்டுப்பாடுகள் மாறுவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. டி.என்.ஏ. சேதம் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். ஜப்பானின் ஒக்குனோஷிமா தீவில் கடுகு வாயு தயாரித்த தொழிலாளர்களிடையே நுரையீரல் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது.

கடுகு வாயுவுக்கு மாற்று மருந்து இல்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகளும் துன்பத்தைத் தணிக்கலாம். ஆனால் அவற்றால் தழும்பான திசுவை மீட்க முடியாது. ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை 1997-இல் நடைமுறைக்கு வந்தது. அதை உறுதியாகக் காப்பதும், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆயுள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பு அளிப்பதும் உலக நாடுகளின் கடமை.