நடுச்சுவரும் உறுதியும்

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தெருக்களிலும், ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்து நிற்கும் பழைய இணைவீடுகள் இன்றும் சில எஞ்சியுள்ளன. அத்தகைய வீட்டை வாங்க எண்ணுவோர் முதலில் நோக்கவேண்டியது முன் விறாந்தையின் அழகையன்று, அந்த நடுச்சுவரையே.

பழைய சுவர்கள் பல செங்கல்லையோ கபுக்குக் கல்லையோ சுண்ணாம்புச் சாந்திட்டு அடுக்கியவை. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்சியதை வெளியே விடவும் செய்யும். பின்வந்தோர் அதன்மேற் சீமெந்து பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கல்லை அரிக்கும். விற்பனைக்கு முன் அடிக்கும் வெள்ளை இதனை மறைத்துவிடும். ஆதலால் வைகாசியிலோ ஐப்பசியிலோ, நல்ல மழை பெய்த மறுநாளிற் சென்று பாருங்கள். பூச்சில் ஓடும் மயிரிழை வெடிப்புக்கு அஞ்சவேண்டியதில்லை. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் ஏறும் வெடிப்போ அத்திவாரம் இறங்கியதைக் குறிக்கும். அயலிலே அடுக்குமாடிக்கு நிலம் ஆழத் தோண்டப்பட்டிருப்பின் ஐயம் இரட்டிக்கும்.

ஏணி வைத்து முகட்டினுள் ஏறிப் பார்க்கத் தயங்காதீர்கள். கறையான் தின்ற கைமரமும், நடுச்சுவர் கூரைவரை எழாது இடையில் நின்றுவிட்டமையும் அங்கேதான் தெரியும்.

இன்னொன்றும் அங்கே தெரியக்கூடும்: கரி படிந்த வளை. 1983 யூலையில் வெள்ளவத்தையில் எரிக்கப்பட்ட வீடுகள் சில பின்னர் பூசி மெழுகப்பட்டன. அத்தீயில் வீட்டோடு உறுதிகளும் சாம்பலானது உண்டு. உறுதி எரிந்தது என்பதற்காக விற்பவரை ஐயுறல் நியாயமன்று. நொத்தாரிசு அனுப்பும் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். அதன் அத்தாட்சிப் பிரதியைப் பெறலாம். உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, அற்றோர்னித் தத்துவம் பெற்றவர் விற்கவந்தால் மட்டும் விழிப்பாயிருங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துபோகும். ஆகவே அவர் உயிரோடிருப்பதை நேரிற் பேசி உறுதிசெய்தல் நன்று.

இடித்துக் கட்டுவதே நோக்கமாயின் வேறு கணக்கு. அயல்வீட்டு வளைகளும் அச்சுவரில் தங்கியிருக்கலாம். உங்கள் பாதியை இடிக்க அவர்கள் கூரை சரியும். அயல் நிலத்தின் தாங்குதலைப் பறிக்கலாகாது என்பது நம் நாட்டு உரோம-டச்சுச் சட்டத்தின் விதி. மாநகர சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழைப் பெற்றால் முன்புறத்தில் எத்தனை அடி இழக்கவேண்டும் என்பது தெரியும். கடலோரமாயின் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கிடும். உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை அதன் எல்லை. இவற்றையும் அயலாரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.