ஒரே கேபிள், தனித்தனி வழி

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பல பெரிய வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன; சில விடுதிகளாகிவிட்டன. வெளியூரில் இருந்துகொண்டு சிசிடிவி வழியாக வீட்டைக் கண்காணிப்பவர்கள் கேபிள் ஆபரேட்டரிடம் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: என் இணைப்பும் விடுதி விருந்தாளியின் வைஃபையும் உங்கள் ரவுட்டருக்குள் எங்கே பிரிகின்றன? மாதக் கட்டணம் கட்டும் எவருக்கும் இதைக் கேட்க உரிமை உண்டு.

வீடு, விடுதி, கடை என எல்லா இணைப்புகளும் ஆபரேட்டரின் கருவியில் ஒரே போர்ட்டில் வந்து சேரலாம். அந்தப் போர்ட்டை சப்-இன்டர்ஃபேஸ்கள் எனப்படும் மெய்நிகர் கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி முகவரித் தொகுதி கொடுப்பது வழக்கம். ஆனால் முகவரி பிரிந்துவிட்டதாலேயே பாதை பிரிந்துவிடாது. எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட்டிங் அட்டவணை எல்லாத் தொகுதிகளுக்கும் ஒன்றுதான் என்றால், தடுப்பு விதி எதுவும் எழுதாதவரை ரவுட்டர் ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைத் தானாகவே அனுப்பிவிடும். விஆர்எஃப் எனப்படும் மெய்நிகர் ரூட்டிங் இங்கேதான் உதவுகிறது: ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அட்டவணை இருப்பதால், விடுதியின் அட்டவணையில் வீட்டுக்கான பாதையே இருக்காது. செட்டிநாட்டு வீட்டில் வளவு எனப்படும் நடுமுற்றம் பொது, ஒவ்வொரு குடும்பத்தின் அறைக்கும் தனிப்பூட்டு என்பது போன்ற ஏற்பாடு இது.

‘கடவுச்சொல் போதாதா?’ என்று கேட்கலாம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகெங்கும் கைப்பற்றியது. கடவுச்சொல்லை மாற்றுவது நம் கடமை. ஆனால் ஒருவர் மறந்தால் தெருவே பாதிக்கப்படாமல் காப்பது ஆபரேட்டரின் கடமை. ‘சிறு ஆபரேட்டருக்குச் செலவு தாங்காது’ என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. கருவி பெரிய தடையல்ல. சிறு நிறுவனங்கள் பரவலாக வைத்திருக்கும் மைக்ரோடிக் ரவுட்டர்களிலேயே இந்த வசதிகள் இருக்கின்றன. தெரிந்த ஆளை வைத்துச் சரியாக அமைப்பதற்குத்தான் செலவு. விஆர்எஃப் தரவை மறையாக்கம் செய்வதில்லை என்பதும் சரியான ஆட்சேபம். ஒரே பிரிவுக்குள் இருக்கும் இரண்டு வீடுகளையும் அது தனியே பிரிக்காது. அதற்கு வாடிக்கையாளர்களுக்கிடையே தடுப்பு வேண்டும். கட்டமைப்பில் ஒரு வரி தவறினாலும் இரண்டு அட்டவணைகள் கலந்துவிடக்கூடும். எனவே, ‘பிரித்திருக்கிறோம்’ என்ற வாய்மொழி போதாது. சோதித்துப் பார்த்ததாக எழுத்தில் பதில் வேண்டும். அதற்காக நாமே பக்கத்து வீட்டுக் கருவிக்குள் நுழைந்து பார்க்கக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி அது குற்றமாகலாம்.

பதில் வராவிட்டால், புகார் கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது; மாவட்ட ஆணையத்தை நாடலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, சேவை நிறுவனங்கள் ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அதன்பின் ஆதாரம் அழிந்திருக்கலாம் என்பதால், சந்தேகம் எழுந்த வாரத்திலேயே, பதிவேட்டைப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.