டெக்ஸா ரிப்போர்ட்ல நம்பர் குறைஞ்சா, மாத்திரை வேலை செய்யலைன்னு அர்த்தமா?

இந்த எபிசோடு உங்க எலும்பைப் பத்தி இல்லை, உங்க அம்மா, அத்தை, பெரியம்மாவோட எலும்பைப் பத்தி. ஏன்னா ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து, "இது என்னன்னு பார்த்துச் சொல்லு"ன்னு வாட்ஸ்அப்ல அனுப்புறது நமக்குத்தான்.

எங்க பெரியம்மாவுக்கு 64 வயசு. ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு சுலபமா உடையுற நிலை. ஒரு வருஷமா வாரத்துக்கு ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, 70 மில்லிகிராம். முதல் டெக்ஸா ஸ்கேன்ல முதுகெலும்போட டி-ஸ்கோர் மைனஸ் 2.8. ரெண்டாவது ஸ்கேன்ல மைனஸ் 2.9. "மாத்திரை போட்டும் தேஞ்சுதானே போகுது, எதுக்கு வயித்தைக் கெடுத்துக்கணும்"னு நிறுத்தவே போயிட்டாங்க.

டி-ஸ்கோர்ங்கிறது இளம் பெண்களோட சராசரியிலிருந்து நீங்க எவ்வளவு தள்ளி இருக்கீங்கன்னு சொல்ற எண். மைனஸ் 2.5-க்குக் கீழே போனா நோய்னு உலக சுகாதார நிறுவனம் 1994-ல வரையறுத்தது. நோயைக் கண்டுபிடிக்க அது சரி. ஆனா சிகிச்சை எப்படிப் போகுதுன்னு பார்க்க, அதுக்குப் பக்கத்துலயே இருக்கிற இன்னொரு எண்ணைப் பாருங்க: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது. பெரியம்மாவுக்கு அது 0.742-லிருந்து 0.728 ஆகியிருந்தது. கணக்குப் போட்டா 1.9 சதவீதம் குறைவு.

இப்போ விஷயம் இங்கதான். ஒரே ஆளை ஒரே மெஷின்ல இறக்கி, திரும்பப் படுக்க வெச்சு எடுத்தாலே எண் கொஞ்சம் மாறும். இடுப்பு லேசா திரும்பியிருந்தாப் போதும். அதனால நல்ல சென்டர்கள் தங்களோட மெஷினுக்கும் டெக்னீஷியனுக்கும் ஒரு எல்லை வெச்சிருப்பாங்க. மாற்றம் அதைத் தாண்டினாத்தான் நிஜம். முதுகெலும்புக்கு அந்த எல்லை 5.3 சதவீதத்துக்கும், இடுப்புக்கு 5 சதவீதத்துக்கும் மேல போகக்கூடாதுங்கிறது சர்வதேச அளவுகோல். 1.9 சதவீதம் அந்தச் சத்தத்துக்குள்ளேயே காணாமப் போயிடும். "உங்க சென்டரோட எல்.எஸ்.சி. எவ்வளவு?"ன்னு கேளுங்க. பதில் தெரியலைன்னா, அதுவும் ஒரு தகவல்தான்.

அமெரிக்காவுல அலெண்ட்ரோனேட் எடுத்த பெண்களை வெச்சு 2000-ல வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் வருஷம் இடுப்புல 4 சதவீதத்துக்கு மேல இழந்தவங்களைத் தனியாப் பார்த்தாங்க. அதே மருந்தையே தொடர்ந்தாங்க. ரெண்டாவது வருஷம் அவங்கள்ல 100-க்கு 80 பேருக்கு மேல அடர்த்தி கூடியிருந்தது. முதல் வருஷத்தைப் பார்த்துட்டு மருந்தை மாத்தியிருந்தா, புது மருந்துக்குத்தான் பேர் போயிருக்கும்!

இன்னொண்ணு, எண் ஏறலைன்னாலும் தோல்வி இல்லை. மெனோபாஸுக்கு அப்புறம் எலும்பு தானாவே கரைஞ்சுட்டு இருக்கும். அப்படியே நிக்குதுன்னாலே மருந்து வேலை செய்யுது. நமக்கு வேண்டியது எண் இல்லை, உடையாத எலும்பு.

எண் ஏறுறதும் சில நேரம் பொய். வயசானா முதுகெலும்புல தேய்மானத்தால புது எலும்பு முளைக்கும், அது அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். நசுங்கின முள்ளெலும்பும் அப்படித்தான். அதனால இந்த வயசுல நான் இடுப்பு எண்ணைத்தான் முதல்ல பார்ப்பேன். உயரம் குறைஞ்சிருந்தாலோ புதுசா முதுகுவலி வந்தாலோ டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும்.

அதே சென்டர், அதே மெஷின் முக்கியம். வேற கம்பெனி மெஷின்ல எடுத்த எண்ணை நேரடியா ஒப்பிட முடியாது. கேம்ப்ல குதிகால்ல வெச்சுப் பார்க்கிற டெஸ்ட் இதுக்கு உதவவே உதவாது. சிகிச்சை ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு வருஷத்துல ஒரு ஸ்கேன், அப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளி. ஆறு மாசத்துக்கு ஒருதடவை எடுத்தா கவலைதான் கூடும்.

நிஜமாவே எல்லையைத் தாண்டிக் குறைஞ்சா? முதல்ல மாத்திரை எப்படிப் போடுறாங்கன்னு பாருங்க. விடிஞ்சதும் வெறும் வயித்துல, சாதாரணத் தண்ணியோட போட்டு, அரை மணி நேரம் படுக்காம இருக்கணும். நம்ம வீட்டுல அதுக்கு முன்னாடியே ஃபில்டர் காபி வந்துடும். காபியோட போட்டா உடம்புல சேர்றது பாதிக்கும் கீழே போயிடும். கால்சியம் மாத்திரையும் கூடவே போடக்கூடாது. அது சரியா இருந்தா வைட்டமின் டி, தைராய்டு, வேற ஏதாவது நோய்க்கு எடுக்கிற ஸ்டீராய்டு, இதையெல்லாம் டாக்டர் தேடுவாங்க. சி.டி.எக்ஸ். மாதிரி ரத்தப் பரிசோதனை மூணே மாசத்துல பதில் சொல்லும்.

பெரியம்மாவோட டாக்டர் மருந்தை மாத்தலை. அடுத்த ஸ்கேன் அடுத்த வருஷம், அதே இடத்துல.

ஆனா வீட்டுல யாராவது டெனோசுமாப் ஊசி, ஆறு மாசத்துக்கு ஒண்ணு, போட்டுட்டு இருந்தா, அது வேற கதை. எண் நல்லா வந்துடுச்சேன்னு அதை நிறுத்தினா, சேர்ந்த எலும்பு வேகமா இறங்கும், சிலருக்கு முள்ளெலும்பு அடுத்தடுத்து உடையும். தேதி தள்ளிப் போகக்கூடாது. நிறுத்தணும்னா அதுக்குப் பதில் என்ன மருந்துன்னு முன்னாடியே டாக்டர்கிட்ட முடிவு பண்ணணும். அந்தத் தேதியை இப்பவே உங்க போன் காலண்டர்ல போட்டு வைங்க.