நன்மையின் வேடத்தில் வரும் சோதனை

கிறிஸ்தவ ஆன்மிக மரபு சோதனைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறது. திருட்டு, பொய், வஞ்சகம் என்று பார்த்த மாத்திரத்திலேயே தீமை எனத் தெரிந்துவிடுபவை ஒரு வகை; செபம், தவம், தொண்டு, ஒழுங்கு, சபையின் நலன் என்ற பெயர்களோடு உள்ளே நுழைந்து, போகப் போகத் தம் முகத்தைக் காட்டுபவை இன்னொரு வகை. முதல் வகைக்குப் பத்துக் கட்டளைகள் போதும். இரண்டாவது வகைக்கு அவை போதுவதில்லை; ஏனெனில் அங்கே மீறப்படுவதாகக் கண்ணுக்குத் தெரியும் கட்டளை எதுவும் இல்லை. தீய ஆவி ஒளியின் தூதனைப் போலவும் தோன்றக்கூடும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் பவுல் எச்சரித்தது இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். அதை இனங்காணும் பயிற்சியைத் தமிழ்க் கத்தோலிக்கர் தெளிந்து தேர்தல் என்றும், சீர்திருத்தச் சபையினர் ஆவிகளைப் பகுத்தறிதல் என்றும் குறிப்பிடுகின்றனர். போலிப் போதகரைக் கண்டுபிடிக்கும் கலை என்றே பலரும் இதைப் புரிந்துகொண்டிருந்தாலும், மரபின் கவனம் பெரும்பாலும் வேறிடத்தில் இருந்தது: பக்தியுள்ள ஒருவரின் மனத்தில் எழும் பக்தியான எண்ணத்தையே அது நிறுத்திவைத்து விசாரித்தது.

எகிப்தின் பாலைநிலத் துறவியரிடம் கேட்டறிந்தவற்றை ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிவைத்த யோவான் காசியான், ஏரோன் என்ற முதியவரைப் பற்றிக் கூறுகிறார். ஐம்பது ஆண்டுகள் பாலைநிலத்தில் கடுந்தவம் புரிந்த அவர், உயிர்ப்புப் பெருவிழா நாளில்கூடச் சக துறவியரோடு அமர்ந்து உண்ண மறுத்தார். சற்றே கூடுதலாக உண்டால் தம் நோன்பு தளர்ந்ததாகிவிடும் என்று அஞ்சினார். கடைசியில், இத்தனை தவம் செய்தவருக்குத் தீங்கு நேராது என்று ஒரு வானதூதர் சொன்னதாக நம்பி, நள்ளிரவில் ஆழ்கிணற்றில் குதித்து, தூக்கியெடுக்கப்பட்ட மூன்றாம் நாள் இறந்தார். அந்த மூன்று நாளும் தாம் ஏமாந்ததை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்பது காசியானின் குறிப்பு. அவரை வீழ்த்தியது சோம்பலோ பெருந்தீனியோ அல்ல, நோன்புதான். விருந்துக்கு வர மறுத்த அன்றே அது அவரைத் தோழரிடமிருந்து பிரித்துவிட்டது.

இந்த அனுபவங்களை விதிகளாக்கித் தந்தவர், இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பாம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டால் கால் நொறுங்கிப் படுக்கையில் கிடந்தபோது, வீரதீரக் கனவுகள் இன்பம் தந்துவிட்டுப் பின் வறட்சியை விட்டுச் செல்வதையும், புனிதர்களைப் பின்பற்றும் கனவுகள் முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்குவதையும் அவர் கவனித்தார். இது எளிய பாடம். கடினமான பாடம் அதன் பிறகே வந்தது. மன்ரேசா ஊரில் தங்கியிருந்த நாட்களில், தூங்கப் போகும் நேரம் பார்த்து உயர்ந்த ஆன்மிக ஒளியும் ஆறுதலும் அவருக்குள் பெருகி வந்தன, தூக்கம் கெட்டது. கடவுளோடு பேச நாளில் வேறு நேரம் ஒதுக்கியிருக்க, உறங்க வைத்திருந்த சிறு பொழுதையும் தின்பது நல்ல ஆவியாக இருக்க முடியாது என்று எண்ணி, அந்த ஆறுதல்களை ஒதுக்கிவிட்டு அவர் தூங்கினார்.

பார்சலோனாவில் முப்பது வயதைக் கடந்த நிலையில் இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கியபோதும் இதுவே நடந்தது. மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் இறைச் சிந்தனைகள் புதிது புதிதாகத் தோன்றின. எத்தனை முயன்றும் பாடம் ஏறவில்லை. செபிக்கும்போதும் திருப்பலியிலும் வராத இந்தத் தெளிவு இலக்கணம் படிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். பிறகு ஆசிரியர் ஆர்தெவோலை சாந்தா மரியா தெல் மார் ஆலயத்திற்கு அழைத்துச் சென்று உட்காரவைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, பார்சலோனாவில் ரொட்டியும் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகளும் வகுப்பில் தவறாமல் கவனிப்பதாக வாக்குக் கொடுத்தார். அதன் பின் அந்தச் சோதனை வரவில்லை.

1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அவரது ஆன்மிகப் பயிற்சிகள் என்ற சிறுநூலில் இந்த அனுபவங்கள் இரண்டு தொகுதி விதிகளாக உள்ளன. முதல் தொகுதி தொடக்க நிலையினருக்கு உரியது. ஆறுதல், ஆறுதலின்மை ஆகிய மனநிலைகளை அது விளக்குகிறது. கடவுளை நோக்கி நம்பிக்கையும் அன்பும் பெருகும் நிலை ஆறுதல். மனம் இருண்டு சலித்துத் தளரும் நிலை ஆறுதலின்மை. பின்னதில் இருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றக்கூடாது என்பது பலரும் அறிந்த விதி. இரண்டாம் தொகுதி நற்பழக்கத்தில் முன்னேறியவர்களுக்கு உரியது. அவர்களிடம் தீமை நன்மையின் உருவில்தான் வரும் என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. ஓர் எண்ணம் நல்லதாகத் தொடங்கினால் மட்டும் போதாது. அதன் நடுப்பகுதியும் முடிவும் நல்லவையா, வழியில் அது குறைந்த நன்மைக்கு இறங்குகிறதா, முன்பிருந்த அமைதியைக் குலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏமாந்தது தெரியவந்தால், எந்த இடத்தில் அந்த எண்ணம் திரும்பியது என்று வந்த வழியே திரும்பிப் போய்த் தேட வேண்டும். இரகசியம் கோரும் எண்ணத்தை ஆன்ம வழிகாட்டியிடம் சொல்லிவிட்டாலே அதன் வலு பாதி போய்விடும் என்பது இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய முதல் தொகுதி விதி.

திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இது பழக்கமான பாதையாகத் தோன்றலாம். அங்கே மன்னன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கையும் கொண்டு சோதிப்பது தான் பணியில் அமர்த்தப்போகும் பிறரை. இஞ்ஞாசியாரின் சோதனைக்கு உட்படுவது சோதிப்பவரின் சொந்த நல்லெண்ணம். அதனாலேயே அது கடினமானது.

இந்த விதிகளைக் கற்பிக்கும் இடங்களில் ஒன்று, தில்லி சிவில் லைன்ஸ் பகுதியில் ராஜ் நிவாஸ் மார்க்கில் உள்ள வித்யாஜோதி இறையியல் கல்லூரி. டார்ஜிலிங் மலைப்பகுதியின் குர்சியாங்கிலிருந்து 1972இல் தில்லிக்கு வந்த இந்த இயேசு சபைக் கல்லூரியிலிருந்து சில கிலோமீட்டருக்குள், இதே விதிகளைக் கொண்டு படிக்கத்தக்க இரண்டு நிகழ்ச்சிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தன. அவற்றின் நாயகர் இயேசு சபையினர் அல்லர். ஆங்கிலிக்கன் குருவாகிய சார்லஸ் ஃப்ரீயர் ஆண்ட்ரூஸ்.

கேம்பிரிட்ஜ் மிஷன் நடத்திய புனித ஸ்டீபன் கல்லூரி அப்போது காஷ்மீரி கேட்டில் இருந்தது. இன்று தில்லியின் தலைமைத் தேர்தல் அதிகாரி அலுவலகம் இயங்கும் கட்டடமே அது. 1904இல் அங்கே ஆசிரியராக வந்த ஆண்ட்ரூஸை 1906இல் முதல்வர் பதவி நெருங்கியது. 1886 முதல் அங்கே பணியாற்றிவந்த வங்காளக் கிறிஸ்தவர் சுசீல் குமார் ருத்ரா தகுதியிலும் அனுபவத்திலும் முன்னின்றார். ஆனால் இந்தியர் ஒருவர் தலைமையேற்றால் கல்லூரியின் கட்டுப்பாடு தளரும் என்ற தயக்கம் மிஷன் வட்டாரத்தில் இருந்தது. இந்தத் தயக்கத்தில் கொச்சையான வெறுப்பு எதுவும் வெளியே தெரியாது என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லூரியின் நலன், மாணவரின் ஒழுக்கம், நற்செய்திப் பணியின் எதிர்காலம் என்று அது பேசிய சொற்கள் எல்லாமே நல்ல சொற்கள். அவற்றை ஏற்றுப் பதவியில் அமர்ந்திருந்தால் ஆண்ட்ரூஸை யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். தியாகம் செய்தவர் என்றுகூடப் பாராட்டியிருப்பார்கள். தொடக்கத்தில் நன்றாகத் தெரிந்த அந்த வாதம், கிறிஸ்துவுக்குள் இன வேறுபாடு இல்லை என்று போதித்தவர்களே தோல் நிறம் பார்த்துத் தலைவரைத் தேர்வதில் போய் முடிவதை அவர் கண்டார். பதவியை மறுத்து, ருத்ராவே முதல்வராக வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான ருத்ரா 1923வரை அப்பொறுப்பில் இருந்தார், கட்டுப்பாடு தளரவில்லை. 1915இல் தில்லிக்கு வந்த காந்தி தங்கியதும் அவரது வீட்டில்தான்.

இரண்டாவது நிகழ்ச்சி ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களைப் பற்றியது. 1879 முதல் 1916வரை சுமார் 60,000 இந்தியர் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். அங்கே பெண்கள் பட்ட துயரைப் பாரதி பாடியதால் தமிழர் இதை நன்கு அறிவர். ஐந்தாண்டு ஒப்பந்தம், அரசு மேற்பார்வை, வறுமையிலிருந்து விடுதலை என்று காகிதத்தில் அந்த ஏற்பாடு ஏழைக்குச் செய்யும் உதவியாகவே இருந்தது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகித விதியோ குடும்பங்களைச் சிதைத்தது, வேலைக்கு வராதது குற்றமாகிச் சிறையில் முடிந்தது, தற்கொலைகள் பெருகின. 1915இல் தம் நண்பர் பியர்சனுடன் ஃபிஜி சென்று இவற்றை நேரில் விசாரித்த ஆண்ட்ரூஸின் அறிக்கை வெளிவந்த பின், 1916 மார்ச்சில் மதன் மோகன் மாளவியா இம்பீரியல் சட்டமன்றத்தில் ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அதை ஏற்பதாக அறிவித்தார். மன்றம் கூடிவந்த பழைய செயலகக் கட்டடம் சிவில் லைன்ஸில் இன்றும் உள்ளது.

எல்லாம் நன்றாக முடிந்ததாகத் தோன்றிய இந்த இடத்தில்தான் தெளிந்து தேர்தலுக்கு உண்மையான வேலை வந்தது. மாற்று ஏற்பாடு அமையும்வரை ஆள்சேர்ப்பு இன்னும் ஐந்தாண்டு தொடரலாம் என்று இலண்டனோடு வெளியில் சொல்லப்படாத உடன்பாடு ஒன்று இருந்தது பின்னர் தெரியவந்தது. நன்றி கூறி ஓய்ந்துவிடாமல் ஆண்ட்ரூஸ் மீண்டும் கிளர்ச்சியில் இறங்கினார். 1917இல் ஆள்சேர்ப்பு நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று நீக்கப்பட்டன. நல்ல அறிவிப்பொன்றின் நடுவையும் முடிவையும் பார்க்காமல் விட்டிருந்தால், ஒழிப்பு என்ற பெயரிலேயே அந்தக் கொடுமை நீடித்திருக்கும்.

கனியைக் கொண்டு மரத்தை அறியலாம் என்ற நற்செய்தி அளவுகோல் இருக்க, இத்தனை விதிகள் எதற்கு என்று கேட்கலாம். அந்த அளவுகோலே சில நேரம் காலம் தாழ்த்திப் பேசுகிறது. அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களோடு சேர்ந்து வாழும் லார்ஷ் இல்லங்களை 1964இல் பிரான்சில் தொடங்கிய ழான் வானியே உலகெங்கும் புனிதராகவே மதிக்கப்பட்டார். பெங்களூரில் 1970இல் பிறந்த ஆஷா நிகேதனும் அந்த முயற்சியின் கிளையே. அவர் இறந்த மறு ஆண்டாகிய 2020இல், ஆன்ம வழிகாட்டல் என்ற பெயரில் குறைந்தது ஆறு பெண்களை அவர் பாலியல் வகையில் தம் வசப்படுத்தியிருந்ததை லார்ஷ் அமைப்பே விசாரித்து வெளியிட்டது. 2023ஆம் ஆண்டு அறிக்கை அந்த எண்ணிக்கையைக் குறைந்தது 25 என்று கூறியது. இல்லங்கள் தந்த கனிகள் பொய்யல்ல. அங்கே வாழ்ந்தவர்கள் பெற்ற அன்பும் பொய்யல்ல. நல்ல கனிகளே கேள்வி கேட்க விடாத திரையாகவும் ஆயின. அவரைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடியது கனியைவிட இரகசியமே: வழிகாட்டல் என்ற பெயரில் நடந்தவை மூன்றாமவர் அறியக்கூடாதவையாக இருந்தன. வழிகாட்டியே வஞ்சிப்பவராக இருக்கும்போது வழிகாட்டியிடம் சொல் என்ற விதி வேலை செய்வதில்லை. இஞ்ஞாசியாரின் விதிகளில் இன்றைய திருச்சபை நிரப்பியாக வேண்டிய இடைவெளி இது. தனிநபருக்கு அப்பால் விசாரிக்கும் அமைப்பு ஒன்று இருந்தே தீர வேண்டும்.

மறுபக்கம், எங்கும் வேடத்தையே தேடும் மனமும் ஏமாறக்கூடியதே. மன்ரேசாவில் இஞ்ஞாசியார் அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டு, மனச்சான்றின் வீண் ஐயங்களால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனார். பாவத்தை வெறுக்கும் நல்லுணர்வே அங்கே வேடமாயிற்று. பிறரைச் சந்தேகிப்பதிலும் இதே ஆபத்து உண்டு. வித்யாஜோதியில் கற்பித்துவிட்டு 1984இல் ரோமுக்குச் சென்ற பெல்ஜிய இறையியலாளர் ழாக் துபுயி, பிற சமயங்களைப் பற்றி 1997இல் எழுதிய நூலுக்காக வத்திக்கானின் விசாரணைக்கு உள்ளானார். 2001இல் வெளியான அறிவிப்பு, வாசகரைத் தவறான கருத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய தெளிவின்மைகள் நூலில் உள்ளதாகக் கூறியது. அவரது பணியில் தடைகள் விதிக்கவில்லை. நம்பிக்கையைக் காக்கும் கவனமா, இந்திய அனுபவத்தின் மீதான அச்சமா அந்த விசாரணையை நடத்தியது என்று இறையியலாளர் இன்றும் வாதிடுகின்றனர். 2004இல் அவர் இறக்கும்வரை அந்த விசாரணையின் காயம் ஆறவில்லை என்பதை அவரை அறிந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், ஆவிகளைப் பற்றிய விதிகள் வருவதற்கு நெடுமுன்பே, பயிற்சி தொடங்கும் இடத்தில் ஒரு முன்நிபந்தனை உள்ளது: பிறர் கூற்றைக் கண்டிக்க முந்துவதைவிட அதற்கு நல்ல பொருள் காண ஆயத்தமாக இருக்க வேண்டும், பொருள் விளங்காவிட்டால் எந்தக் கருத்தில் சொன்னார் என்று அவரிடமே கேட்க வேண்டும்.