கித்தா நிரைக்குள் தேங்கும் காற்று

தோட்டத்தில் பிரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து இருட்டோடு கித்தா (ரப்பர்) நிரைக்குள் இறங்கியவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்துக் காற்று அசையாது. மாட்டுக் கொட்டகையில் போட்ட மூட்டத்தின் புகை மேலே ஏறாமல், லயத்துக் கூரை உயரத்தில் பாய் விரித்தாற்போலப் படுத்துக் கிடக்கும். பத்து மணிக்கு அதே புகை சுருண்டு சுருண்டு ஏறிக் காணாமல் போய்விடும்.

தரையை ஒட்டிய இந்தக் காற்றுக்கு எல்லைப்படலம் என்று பெயர். வெயில் ஏற ஏற, தரையில் சூடான காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும். படலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தடிக்கும். மலேசியாவின் கெடா மாநிலத்துக்காரர்களுக்கு 1,217 மீட்டர் ஜெராய் மலையே நல்ல அளவுகோல். நண்பகலில் அதன் தோள்வரை கலங்கும் காற்று, இரவில் அடிவாரத்தோடு ஒடுங்கிவிடும்.

உலக வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் இங்கேதான் திணறுகின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி உலகைச் சுமார் 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறது. சுங்கைப்பட்டாணி டவுனும் அதை ஒட்டிய கித்தாவும் செம்பனையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். காற்றுச் சுழிகளோ மில்லிமீட்டரில் தொடங்கிப் பெரியது ஒரு கிலோமீட்டர்தான். இந்த வலைக்கண்ணில் அகப்படாத மீன்கள். அதனால் சுழியை விட்டுவிட்டு, அது செய்யும் வேலையைக் கணக்கிடுகிறார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவும் என்பது ஒரு சூத்திரம். நண்பகலில் அது போதாது. பெரிய குமிழ்கள் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் படலத்தின் உச்சிக்குப் போகும். அதற்குத் தனிக் கணக்கு.

பகல் ஓரளவு வசப்பட்டுவிட்டது. இரவுதான் பிடிகொடுக்கவில்லை. கீழே படுத்த குளிர்காற்று சுழிகளை அடக்கும். உயரத்துக்கு உயரம் மாறும் காற்றின் வேகம் கலக்கப் பார்க்கும். இந்த இழுபறியை ஒரே எண்ணில் அடக்கலாம் என்று 1920இல் வழிகாட்டியவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். அடக்கும் கை ஓங்கினால் சுழி சாகும். ஆனால் மாதிரியில் அதை அப்படியே விட்டால் தரை அளவுமீறிக் குளிர்கிறது, தொலைதூரக் காற்றழுத்தத் தாழ்வுகளின் கணிப்பும் கெடுகிறது. அதனால் பல மாதிரிகளில் இரவுக் காற்றை வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகக் கலக்கிவைத்தார்கள். புயலைப் பிடிப்பதற்காகப் பனியை விட்டுக்கொடுத்தார்கள்.

அது தோட்டத்தில் உறைக்கும். ஆண்டின் தொடக்கத்தில் கித்தா இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, தளிரைச் சாம்பல் நோய் பிடிக்கும். குளிர்ந்த பனிக்காலைகள் அதற்கு வாகானவை. பள்ளத்து நிரையில் பனி எத்தனை மணிவரை நிற்கும் என்பது அப்போது மிக வேண்டிய செய்தி. கட்டத்தை நூறு மீட்டருக்குச் சுருக்கினால் பகலின் பெரிய சுழிகள் கணினியிலேயே உருவெடுக்கும். இரவுச் சுழிகள் அதைவிடச் சிறியவை. அந்த வலையிலும் நழுவுகின்றன.