மாட்டை எங்கே கட்டுவது?

ஒரு தாம்பாளத்தில் விரல் நுனி நனையும் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஓரத்தில் குனிந்து, விடாமல் ஊதுங்கள். எதிர் ஓரத்தில் தண்ணீர் மேடு கட்டி நிற்கும். இனி வாளித் தண்ணீரில் அதேபோல் ஊதுங்கள். மேலே சிலுசிலுக்கும், அவ்வளவுதான். தள்ளப்பட்ட நீர் அடிவழியாகத் திரும்பிவிடுகிறது. தாம்பாளத்தில் ஆழமே இல்லையே, எங்கே திரும்பும்?

வங்காள விரிகுடாவின் வட கோடியும் தாம்பாளம்போல் ஆழம் குறைந்தது. போதாததற்குப் புனல்போல ஒடுங்கியும் இருக்கிறது. புயல் தள்ளிவரும் கடல்நீர் போக்கிடம் இல்லாமல் வங்கதேசத்தின் கரைமீது ஏறும். 1991 ஏப்ரல் 29 இரவு அது சுமார் 6 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. இரண்டு மாடி வீட்டின் உயரம்! ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தார்கள். அதற்கு முன் 1970-இல் வந்த புயலில் இறந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். ஆனால் 2007-இல் சிடர் என்ற கடும் புயல் அதே நாட்டைத் தாக்கியபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரும் துயரம்தான். ஆனாலும் எவ்வளவு வித்தியாசம், பார்த்தீர்களா?

கடல் தணிந்துவிடவில்லை. பூமி சூடாவதால் 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. உங்கள் வடிவியல் பெட்டியில் இருக்கும் 15 செ.மீ. அளவுகோலை நிறுத்தி, அதன்மேல் இன்னும் 5 செ.மீ. சேர்த்துப் பாருங்கள். இப்போது புயல் அந்த உயரத்திலிருந்துதான் ஏறத் தொடங்குகிறது.

அப்படியானால் மாறியது எது? 1991 புயலுக்குப் பிறகு ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய், தப்பியவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் விசாரித்த குடும்பங்களில் கான்கிரீட், செங்கல் கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்த அத்தனை பேரும் பிழைத்திருந்தார்கள். போகாதவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இறந்திருந்தார்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களும் அதிகம். எச்சரிக்கை செய்யும் தொண்டர் படை 1972-லேயே தொடங்கியிருந்தது. ஆனால் ஓடி ஒதுங்கக் காப்பகங்கள் போதவில்லை.

காப்பகம் இருந்தும் போகாதவர்கள் உண்டு. ஏன்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி வருகிறது: மாட்டை எங்கே கட்டுவது? ஒரே ஒரு பசுவை நம்பிப் பிழைக்கும் குடும்பம் அதை வெள்ளத்துக்கு விட்டுவிட்டு எப்படிப் போகும்? கைக்குழந்தையோடு இருந்த அம்மாக்களுக்கு வேறு தயக்கம். முன்பின் தெரியாத ஆண்கள் நிறைந்த கூடத்தில், தனிக் கழிப்பறைகூட இல்லாமல் எப்படி இரவைக் கழிப்பது?

இந்தப் பதில்களை எந்தச் செயற்கைக்கோள் படமும் சொல்லாது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். கடலோர மக்கள் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவார்கள் என்று கணிப்பவர்கள் நிலத்தின் உயரத்தை அளப்பதோடு இதையும் கேட்கிறார்கள். கூரை ஓலையா, ஓடா? நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவார்கள்? பாதை சேறாகுமா?

கேட்டதற்குப் பலன் இருந்தது. தூண்கள்மேல் நிற்கும் காப்பகங்கள் பெருகின. பெண்களுக்குத் தனி அறைகள் வந்தன. ஆடு மாடுகளுக்கென்று மண்மேடுகள் உயர்த்தினார்கள். இன்று அங்கே 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். கம்பத்தில் மூன்று கொடி ஏறிவிட்டால் பெரும் ஆபத்து. ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகப் போய் அழைப்பார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. கடல்நீர் புகுந்த குளம் உப்பாகிவிடும். பிறகு குடிநீருக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், குடத்தைச் சுமப்பது யார்? பல வீடுகளில் அது உங்கள் வயதுப் பெண் பிள்ளை. பாதிப்பைக் கணிப்பவர்கள் அவள் நடக்கும் தூரத்தையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.