பாராசூட்டில் இறங்கிய மோட்டார் சைக்கிள்: 'ஃபிளையிங் ஃப்ளீ'யின் கதை

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு, 2024-இல் தனது மின்சார வாகனங்களுக்குச் சூட்டிய 'ஃபிளையிங் ஃப்ளீ' என்ற பெயர், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் வான்வழிப் படையினர் பயன்படுத்திய 125 சிசி மோட்டார் சைக்கிளுடையது. சுமார் 60 கிலோ எடையே கொண்ட அது, இரும்புக் கூண்டில் வைத்து பாராசூட் மூலம் இறக்கப்பட்டது. வேலி குறுக்கிட்டால் வீரர்களே தூக்கிக் கடத்திவிடலாம்.

விந்தை என்னவெனில், இது உருவாக நாஜிக்களே காரணமாயினர். யூதர்கள் நிர்வாகத்தில் இருந்த டச்சு நிறுவனத்துக்கு ஜெர்மனியின் டிகேடபிள்யூ வாகனம் வழங்குவதை நிறுத்தவே, அந்நிறுவனம் அதே வடிவில் வாகனம் தயாரித்துத் தருமாறு ராயல் என்ஃபீல்டை அணுகியது.

போருக்குப் பிந்தைய சாதாரண வாகனங்களுக்கு ராணுவப் பச்சை பூசி விற்பதும் உண்டு. ஆகவே சேகரிப்பாளர்கள் வண்ணத்தை நம்பாமல் எஞ்சின், சேஸிஸ் எண்களையே சரிபார்க்கின்றனர். அசல் கூண்டோ வாகனத்தைவிட அரிது.